வீடு ஏன் ஆடுகிறது? ஓக்லஹோமா புவியியல் ஆய்வுத்துறையிடம் மக்கள் கேட்ட கேள்வி

2011 நவம்பர் 5, சனிக்கிழமை இரவு 10:53. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பிராக் என்று ஒரு சின்ன ஊர். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் தலைநகரின் பெயரையே வைத்துக்கொண்டார்கள், உள்ளூர் உச்சரிப்பில் அது ‘ப்ரேக்’ ஆகிவிட்டது. அந்த இரவில் அங்கே 5.7 அளவில் நிலம் நடுங்கியது. 14 வீடுகள் நாசமாயின, இரண்டு பேருக்குக் காயம், பக்கத்து ஷானியில் செயின்ட் கிரெகரி பல்கலைக்கழகத்தின் பழைய செங்கல் கட்டடத்தில் ஒரு கோபுரம் அப்படியே சரிந்து விழுந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்கு இயற்கை என்றால் பயம் டொர்னாடோ என்ற சுழல்காற்றுதான். வானம் பச்சையாக மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலுக்குக் கீழே இருக்கும் நிலம் ஆடும் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் மறுநாள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: வீடு ஏன் ஆடியது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அலுவலகம் ஒன்று மாநிலத்தில் இருந்தது. அது எப்போது, எந்தச் சொற்களில் பதில் சொன்னது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நிலத்தைப் படிக்கும் ஒரு பொது நிறுவனத்துக்கு ஆராய்ச்சியும் மக்களிடம் பேசுவதும் இரண்டு தனித்தனி வேலைகள் இல்லை என்று இந்த அளவுக்குத் துலக்கமாகக் காட்டிய இன்னொரு நிகழ்வு எனக்குத் தெரியாது.

யார் இவர்கள்

ஓக்லஹோமா புவியியல் ஆய்வுத்துறை என்பது மாநில அமைப்பு. வாஷிங்டனுக்குக் கீழே வரும் மத்திய அரசின் புவியியல் ஆய்வுத்துறையான யு.எஸ்.ஜி.எஸ் வேறு, இது வேறு. 1907இல் ஓக்லஹோமா தனி மாநிலமானபோது அதன் அரசியலமைப்பிலேயே இப்படி ஒரு துறை வேண்டும் என்று எழுதிவிட்டார்கள், அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. இருப்பது நார்மன் நகரில், ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து. பாறை வரைபடம் போடுவது, நிலத்தடி நீர், நிலக்கரி, எண்ணெய், ஜிப்சம் எங்கே எவ்வளவு என்று கணக்கெடுப்பது, எண்ணெய்க் கிணறு தோண்டும்போது வெளியே எடுத்த உருளைப் பாறைத்துண்டுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கிப் பாதுகாப்பது, பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துவது, ‘எங்கள் வயலில் இந்தக் கல் கிடைத்தது, இது என்ன’ என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, எல்லாம் இவர்கள் வேலை. அதோடு 1970களின் பிற்பகுதியிலிருந்து மாநிலத்தின் நில அதிர்வுமானிகளையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் துறை பிறந்ததே எண்ணெய் உட்பட நிலத்தின் வளங்களைக் கண்டுபிடிக்க உதவத்தான். ஓக்லஹோமாவில் எண்ணெய் என்பது ஒரு தொழில் மட்டும் இல்லை. சட்டமன்றக் கட்டடத்தின் வாசலிலேயே எண்ணெய்க் கோபுரம் நிற்கும் மாநிலம் அது. பெட்டூனியா பூச்செடிப் பாத்தியில் தோண்டியதால் அந்தக் கிணற்றுக்கு ‘பெட்டூனியா நம்பர் 1’ என்று பெயர். கட்டடத்துக்கு அடியில் சாய்வாகத் துளைபோட்டு எண்ணெய் எடுத்தார்கள். ஒரு நூற்றாண்டு காலம் துறைக்கும் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் நடுவே தகவல் இரண்டு பக்கமும் போய்வந்து கொண்டிருந்தது, அதில் தப்பு ஒன்றும் இல்லை, அப்படித்தான் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்பதே தெரிய வந்தது. ஆனால் மக்கள் கேட்ட இந்தக் கேள்விக்கான பதில் அந்தத் தொழிலின் மேலேயே போய் நிற்கும் நிலை வந்தபோது, துறைக்கு அது பெரிய சோதனையாகிவிட்டது.

கணக்கு என்ன சொன்னது

2009க்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் 3.0க்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஓக்லஹோமாவில் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு. பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 2009இல் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 2013இல் 100ஐத் தாண்டியது. 2014இல் 500ஐத் தாண்டி, கலிபோர்னியாவையே முந்திவிட்டது. 2015இல் 900ஐ ஒட்டி வந்தது. அதாவது ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல், வீட்டில் உட்கார்ந்திருப்பவர் உணரக்கூடிய அளவில்.

3.0 என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். கிட்டத்தில் இருந்தால் முதலில் ஒரு ‘டம்’ சத்தம், வெளியே லாரி மோதியது போல. அப்புறம் ஜன்னல் கண்ணாடி படபடக்கும், அலமாரியில் பாத்திரம் கிலுகிலுக்கும், சுவரில் மாட்டிய படம் ஒரு பக்கம் சாயும். ஐந்து விநாடி, முடிந்தது. ஒரு தடவை என்றால் கதை சொல்லிச் சிரிக்கலாம். வாரத்துக்கு மூன்று தடவை, அதுவும் ராத்திரியில், இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்தால் மனிதர்கள் எப்படித் தூங்குவார்கள்? செங்கல் சுவரில் விரிசல் மெல்ல மெல்ல நீளும், கதவு சட்டத்தில் சிக்கும். எந்த ஒரு நடுக்கமும் தனியாக ‘சேதம்’ என்ற கணக்கில் வராது, ஆனால் வீடு மட்டும் பழுதாகிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் மேலோடு பழையது, கெட்டியானது. அதனால் அதிர்வு வெகுதூரம் போகும். கலிபோர்னியாவில் அதே அளவு நடுக்கம் வந்தால் அவ்வளவு தூரத்தில் தெரியாது.

தண்ணீரும் டம்ளரும்

எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வருவதில்லை. கூடவே பழங்காலக் கடல்நீர் வரும், இன்றைய கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. 2000களின் பிற்பகுதியில் ஓக்லஹோமாவில் சில பாறை அடுக்குகளில் புது முறையில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் எண்ணெயும் எரிவாயுவும் பின்னாலேயே வரும். அங்கே ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பத்து பீப்பாய் உப்புநீர், சில இடங்களில் அதற்கும் மேல். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். மாநிலம் முழுக்க ஆண்டுக்கு நூறு கோடி பீப்பாய்க்கு மேல் உப்புநீர். இதை ஆற்றில் விட முடியாது, வயலில் விட முடியாது. ஆகவே கழிவுக் கிணறு போட்டுத் திரும்பப் பூமிக்குள் அனுப்பினார்கள்.

எந்த அடுக்குக்கு? ஆர்பக்கிள் என்ற சுண்ணாம்புக்கல், டோலமைட் அடுக்கு. பல இடங்களில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, தடிமனானது, ஓட்டைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. பல கிணறுகளில் பம்பு போட்டு அழுத்தவே வேண்டாம், ஊற்றினால் தானாக உறிஞ்சிக்கொள்ளும். கம்பெனிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் ஆர்பக்கிளுக்கு நேர் கீழே கெட்டியான அடிப்பாறை, அதில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தூங்கும் பிளவுகள். மேலே ஊற்றியது கீழேயும் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை நீங்களே வீட்டில் பார்க்கலாம். சமையலறை கிரானைட் மேடையில் தண்ணீர் சிந்தியிருக்கும்போது, சுடுதண்ணீரில் அலசிய எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே அது சர்ரென்று நகரும். சின்ன வயதில் எல்லாரும் பார்த்து ஆச்சரியப்பட்டதுதான். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூடாகி விரிகிறது, விளிம்பைச் சுற்றி நிற்கும் தண்ணீர் அதை வெளியே விடுவதில்லை, அதனால் டம்ளரின் கனத்தில் ஒரு பகுதியை அந்தக் காற்றே தாங்கிக்கொள்கிறது. டம்ளரின் எடை குறையவில்லை, மேடையின் சாய்வும் கூடவில்லை. விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே இருந்த பிடி மட்டும் தளர்ந்துவிட்டது. மேடையில் எப்போதும் இருக்கிற அந்தத் துளிச் சாய்வே போதும், நகர்ந்துவிடும்.

பூமிக்குள் பிளவின் இரண்டு பக்கமும் இருக்கும் பாறைகளை ஒட்டவைத்திருப்பது மேலே உள்ள பாறையின் பாரமும் உராய்வும். பிளவின் நுண்துளைகளில் நீர் அழுத்தம் கூடினால், டம்ளருக்குள் காற்று செய்ததை அங்கே நீர் செய்கிறது. சாய்வு என்பது அங்கே ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் பூமியின் இறுக்கம். கிங் ஹப்பர்ட், வில்லியம் ரூபி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1959இல் இந்தத் தத்துவத்தை எழுதியபோது, ஈரக் கண்ணாடிமேல் காலி பீர் டப்பாவைக் கவிழ்த்துவைத்து இதையேதான் செய்து காட்டினார்கள்.

இன்னொன்று: தண்ணீரே பிளவு வரை பயணம் செய்து போக வேண்டியதில்லை, அழுத்தம் போனால் போதும். தண்ணீர் நிறைந்த நீளக் குழாயில் இந்த முனையில் அழுத்தினால் அந்த முனையில் உடனே சொட்டும் இல்லையா, அதுபோல. பாறையில் அது ரொம்ப மெதுவாக நடக்கும். அதனால்தான் கிணறு ஒரு இடத்தில் இருக்க, நடுக்கம் பல கிலோமீட்டர் தள்ளி, பல ஆண்டுகள் கழித்து வருகிறது. ‘என் கிணறு அங்கே இருக்கிறது, நடுக்கம் இங்கே வந்தது, எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்’ என்று ஒருவர் கேட்கவும் இதுதான் இடம் கொடுக்கிறது.

இது 2011இல் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. கொலராடோவில் டென்வர் அருகே ராணுவ ரசாயனத் தொழிற்சாலையின் கழிவை 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் 1962 முதல் 1966 வரை இறக்கினார்கள். நிலநடுக்கம் வரத் தொடங்கியது, கிணற்றை மூடினார்கள், ஆனால் ஆகப் பெரிய நடுக்கங்கள் மூடிய பிறகு 1967இல்தான் வந்தன. பிறகு அதே மாநிலத்தின் ரேஞ்ச்லி எண்ணெய் வயலில் யு.எஸ்.ஜி.எஸ் விஞ்ஞானிகள் வேண்டுமென்றே தண்ணீரை உள்ளே செலுத்தியும் வெளியே எடுத்தும் பார்த்தார்கள். செலுத்தினால் நடுக்கம், எடுத்தால் அமைதி. நம் நாட்டிலும், வழி வேறு என்றாலும், மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை நிறைந்த பிறகு 1967 டிசம்பரில் வந்த 6.3 நிலநடுக்கம் இருக்கிறது. மனிதன் தேக்கிவைக்கும் தண்ணீர் பிளவைத் தட்டி எழுப்பும் என்பது துறை சார்ந்தவர்களுக்கு அரை நூற்றாண்டாகத் தெரிந்த சங்கதி.

எப்போது தெரியும், எப்போது சொன்னார்கள்

துறை ஆராய்ச்சியே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2010இல் ஆஸ்டின் ஹாலண்ட் மாநில நில அதிர்வியலாளராக வந்தார். 2011 ஜனவரியில் கார்வின் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் நீரழுத்தத்தால் பாறையில் விரிசல் உண்டாக்கும் ‘ஃபிராக்கிங்’ வேலை நடந்த சமயத்தில் அடுத்தடுத்துக் குட்டி நடுக்கங்கள் பதிவாயின. அவற்றை உட்கார்ந்து ஒவ்வொன்றாக இடம் குறித்து, நேரத்தைப் பொருத்திப் பார்த்து, அந்த வேலையோடு தொடர்பு இருக்கலாம் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் துறையே அறிக்கை வெளியிட்டது. பிராக் நடுக்கத்துக்கு மூன்று மாதம் முன்பே! ஆக, கேள்வி அவர்கள் மேசையில் இருந்தது.

பிராகில் பெரிய நடுக்கத்துக்கு முன் அன்று அதிகாலையே ஒன்று வந்துவிட்டது. அதே ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த கேட்டி கெரனெனும் அவர் குழுவும் உடனே போய் அதிர்வுமானிகளை நட்டார்கள். அந்தப் பதிவுகளை வைத்து அவர்கள் 2013 மார்ச்சில் வெளியிட்ட கட்டுரை சொன்னது இது: முதலில் உடைந்த பிளவின் நுனி, கழிவுநீர் இறக்கும் கிணறுகளிலிருந்து சுமார் 200 மீட்டருக்குள் இருந்தது. அங்கே தண்ணீர் இறக்கத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே மாதம் துறையின் இயக்குநர் ராண்டி கெல்லரும் ஹாலண்டும் ஓர் அறிக்கை விட்டார்கள். இருக்கும் தரவுகளுக்கு நன்றாகப் பொருந்தும் விளக்கம், பிராக் நடுக்கங்கள் இயற்கையானவை என்பதே, என்றது அது.

அவர்கள் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஓக்லஹோமாவில் இயற்கையாகவே நடுக்கம் வந்ததுண்டு. 1952இல் எல் ரினோவில் வந்த ஒன்று, ஓக்லஹோமா நகரின் சட்டமன்றக் கட்டடத்தில் 15 மீட்டர் நீளத்துக்கு விரிசல் விட்டது. தென்மேற்கில் மீர்ஸ் பிளவு என்று ஒன்று, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அசைந்த தடம் நிலத்தின் மேலேயே தெரிகிறது. கிணறுகளின் ஆழத்தில் அழுத்தம் எவ்வளவு என்ற அளவீடு போதுமான அளவு இல்லை. பதினெட்டு ஆண்டுகள் சும்மா இருந்த இடம் திடீரென்று ஏன் எழ வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானது. விஞ்ஞானி அவசரப்படக் கூடாது, சரி.

ஆனால் என் கருத்து இது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ‘இரண்டு விளக்கம் இருக்கிறது, இதற்கு இந்த ஆதாரம், அதற்கு அந்த ஆதாரம், எது என்று முடிவு செய்ய இன்ன அளவீடு வேண்டும், அதைக் கம்பெனிகளிடம் கேட்டிருக்கிறோம்’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் ‘இயற்கை’ என்ற பக்கம் தராசைச் சாய்த்ததும், சந்தேகத்தின் பலன் முழுக்கக் கிணற்றுக்குப் போனது, வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஒரு சொல்லின் பின்னால் பணமும் இருந்தது. அங்கே சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தவர்களுக்கும், மனிதச் செயலால் வந்த நடுக்கம் என்றால் இழப்பீடு உண்டா இல்லையா என்ற குழப்பம் வந்தது. 2015 மார்ச்சில் மாநிலக் காப்பீட்டு ஆணையரே காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. ‘இயற்கை’, ‘தூண்டப்பட்டது’ என்பவை ஆய்வுக்கட்டுரையில் வரும்போது வகைப்பாடு, வீட்டுக்காரர் கையில் இருக்கும் காப்பீட்டுத் தாளில் வரும்போது வேறு பொருள்.

அப்புறம் 2014 மே மாதம். யு.எஸ்.ஜி.எஸ்ஸும் மாநிலத் துறையும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விட்டன: மத்திய ஓக்லஹோமாவில் 5.5க்கு மேல் சேதம் விளைவிக்கும் நடுக்கம் வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருக்கிறது. ராக்கி மலைகளுக்குக் கிழக்கே இப்படி ஓர் எச்சரிக்கை அதற்கு முன் வந்ததில்லை. கழிவுநீர் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்றும் அதில் இருந்தது. அதே ஆண்டு கெரனென் குழு இன்னொரு கட்டுரை போட்டது: ஓக்லஹோமா நகரை ஒட்டிய வெகு சில, மிக அதிகமாகத் தண்ணீர் இறக்கும் கிணறுகளிலிருந்து அழுத்தம் 35 கிலோமீட்டர் தொலைவு வரை போயிருக்கலாம்.

2015 மார்ச்சில், பொது ஆவணச் சட்டப்படி பத்திரிகையாளர்கள் கேட்டு வாங்கிய மின்னஞ்சல்கள் வெளிவந்தன. 2013 நவம்பரில் பல்கலைக்கழகத் தலைவரோடும் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் தலைவரோடும் காபி குடிக்க வரும்படி ஹாலண்ட் அழைக்கப்பட்டிருந்தார். பல்கலைக்கழகத் தலைவர் அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் இருந்தவர். கம்பெனித் தலைவர் அழுத்தம் எதுவும் தரவில்லை, விவரம் கேட்கத்தான் சந்தித்தேன் என்றார், பல்கலைக்கழகமும் ஆய்வுச் சுதந்திரத்துக்குக் குறை வரவில்லை என்றது. அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாநில நில அதிர்வியலாளரோடு அப்படி ஒரு காபி குடிக்க வாய்ப்பு பிராகில் வீடு இழந்தவருக்குக் கிடைத்திருக்காது.

2015 ஏப்ரல் 21 அன்று துறை பேசியது, இந்தத் தடவை நேராக. மாநிலத்தின் மையத்திலும் வடமையத்திலும் அண்மையில் வந்த நடுக்கங்களில் பெரும்பான்மை, எண்ணெயோடு வரும் உப்புநீரைக் கழிவுக் கிணறுகளில் இறக்குவதால் தூண்டப்பட்டிருப்பதற்கு மிகப் பெரும் வாய்ப்பு இருப்பதாகத் துறை கருதுகிறது என்று அறிவித்தது. அறிக்கையில் துறையின் இடைக்கால இயக்குநர் ரிச்சர்ட் ஆண்ட்ரூஸ், ஹாலண்ட் இருவர் பெயரும். நடுக்கங்கள் வருகிற வேகம், அவை பரவிக் கிடக்கும் விதம், கூட்டம் கூட்டமாக வரும் போக்கு, இவை எதுவும் இயற்கையான போக்குக்குப் பொருந்தவில்லை என்று காரணமும் சொன்னது. அதே நாளில் மாநில அரசு நிலநடுக்கத் தகவலுக்கென்று தனி இணையத்தளம் திறந்தது. அதே ஆண்டு ஹாலண்ட் வேலையை விட்டு யு.எஸ்.ஜி.எஸ் பக்கம் போய்விட்டார்.

பிராக் நடுக்கத்திலிருந்து அந்த ஏப்ரல் வரை மூன்றரை ஆண்டு. அதற்குள் ஆண்டுக்கு அறுபது சொச்சம் என்ற கணக்கு 500ஐத் தாண்டியிருந்தது.

பேச ஆரம்பித்த பிறகு

மக்களுக்கு விளக்குவது என்று இறங்கிய பிறகுதான் எத்தனை முடிச்சு இருக்கிறது என்று தெரிந்தது. முதல் முடிச்சு ‘ஃபிராக்கிங்’ என்ற சொல். பாறையில் விரிசல் உண்டாக்கி எண்ணெய் எடுக்கும் அந்த முறைதான் நடுக்கத்துக்குக் காரணம் என்று பாதிப்பேர், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மீதிப்பேர். இரண்டும் பாதி சரி. வந்த நடுக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கழிவுநீரை இறக்குவது, ஃபிராக்கிங் வேலையால் நேரடியாக வந்தவை குறைவு, ஆனால் அவையும் உண்டு. 2011இல் கார்வினில் துறையே பார்த்தது அது. இதை இழுபறி இல்லாமல், கட்சி கட்டாமல், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2015இல் இயக்குநராக வந்த ஜெரமி போக் ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசினார்.

இரண்டாவது முடிச்சு உடம்புப் பழக்கம். டொர்னாடோ வந்தால் சங்கு ஊதும், உள்ளறைக்கு ஓட வேண்டும், அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. நிலநடுக்கத்துக்குச் சங்கு கிடையாது, ஓடவும் கூடாது. ஓடுகிறவர் தலையில்தான் வாசலில் செங்கல் விழும். குனி, மேசைக்கடியில் ஒளி, மேசையின் காலைப் பிடித்துக்கொள். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மக்கள் கொடுத்த தகவலும் வீண் போகவில்லை. நடுக்கம் வந்ததும் எந்த ஊரில் எப்படித் தெரிந்தது என்று படிவம் நிரப்பி அனுப்பினார்கள். பாத்திரம் கிலுகிலுத்ததா, சுவர் விரிந்ததா, தூக்கம் கலைந்ததா என்று. ஆயிரக்கணக்கில் வரும் இந்தப் பதில்களை வரைபடத்தில் போட்டால், கருவிகள் குறைவாக உள்ள இடத்திலும் அதிர்வு எப்படிப் பரவியது என்று கோலம் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவரும் அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்தான் என்று நான் நினைக்கிறேன்.

பிளவு வரைபடம் தனிக் கதை. எங்கெங்கே பிளவு என்று தெரிந்தால்தானே எந்தக் கிணறு ஆபத்து என்று சொல்ல முடியும்? ஆனால் ஆழத்துப் பிளவுகள் பற்றிய நல்ல தரவு கம்பெனிகளின் பெட்டகத்தில் இருந்தது. எண்ணெய் உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாக அவர்கள் அதைக் கொடுத்தார்கள், துறை பழைய வரைபடங்களோடு சேர்த்துத் தொகுத்து வெளியிட்டது. நூறாண்டுப் பழக்கம் நல்லபடியாகப் பயன்பட்ட இடம் இது, மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிணறுகளை மூடும் அதிகாரம் ஆய்வுத்துறைக்குக் கிடையாது. அது எண்ணெய்த் தொழிலை ஒழுங்குபடுத்தும் மாநில அமைப்பான ஓக்லஹோமா கார்ப்பரேஷன் கமிஷன் கையில். துறை சொல்லலாம், ஆணை அங்கிருந்துதான் வர வேண்டும். முதலில் கிணறு கிணறாகப் பார்த்தார்கள், பலனில்லை, ஏனென்றால் பல கிணறுகளின் அழுத்தம் கீழே ஒன்றாகக் கலந்துவிட்டது. 2016 பிப்ரவரி 13 அன்று ஃபேர்வியூவில் 5.1 வந்தது. அந்தப் பிப்ரவரி, மார்ச்சில் கமிஷன் வட்டாரம் முழுமைக்கும் திட்டம் போட்டது: ஆர்பக்கிளில் இறக்கும் 600க்கும் மேற்பட்ட கிணறுகளில் மொத்த அளவை 2014இன் அளவிலிருந்து 40 சதவீதம் குறைக்க வேண்டும். ஆளுநர் மேரி ஃபாலின் அதற்குச் சற்று முன் கமிஷனுக்கும் துறைக்குமாக அவசர நிதி சுமார் 14 லட்சம் டாலர் ஒதுக்கினார். அதில் கருவிகளும் ஆட்களும் வந்தார்கள்.

டென்வர் பாடம் நினைவிருக்கிறதா? குறைத்த உடனே நிற்காது. 2016 செப்டம்பர் 3 காலை 7:02, பாவ்னி அருகே 5.8. ஓக்லஹோமாவில் பதிவானதிலேயே பெரியது. நெப்ராஸ்காவிலிருந்து டெக்சாஸ் வரை உணர்ந்தார்கள். பாவ்னி பழங்குடியினரின் பழைய கல் கட்டடங்கள் விரிந்தன. ஏறக்குறைய 725 சதுர மைல் வட்டாரத்தில் 37 கிணறுகளை உடனே மூடச் சொன்னது கமிஷன். உடைந்த பிளவு, அவ்வளவு பாடுபட்டுத் தொகுத்த அந்த வரைபடத்தில் இல்லாத ஒன்று. நவம்பரில் குஷிங்கில் 5.0. நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்க் கிடங்குகள் நிற்கும் ஊர் அது, ஊரின் நடுத்தெருவில் செங்கல் உதிர்ந்து கிடந்தது.

அதன் பிறகு இறங்கியது. 2016இல் 600ஐ ஒட்டி, 2017இல் 300ஐ ஒட்டி, 2019இல் 60ஐ ஒட்டி. இறக்கும் தண்ணீரைக் குறைத்தது ஒரு காரணம், எண்ணெய் விலை விழுந்ததால் கிணறுகளே குறைந்தது இன்னொரு காரணம். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல், 2016 தொடக்கத்தில் 30க்குக் கீழே. இரண்டையும் பிரித்து இது இவ்வளவு, அது இவ்வளவு என்று சொல்வது கஷ்டம். ஆனால் தண்ணீர் குறைந்தது, நடுக்கமும் குறைந்தது, ரேஞ்ச்லியில் பார்த்தது போலவே. ஃபிராக்கிங் நடக்கும் மேற்கு வட்டாரங்களுக்கும் தனி நெறிமுறை வந்தது: கம்பெனி பக்கத்தில் அதிர்வுமானி வைக்க வேண்டும், குறிப்பிட்ட அளவு நடுக்கம் வந்தால் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். நடுக்கம் வந்ததையும் அதன் அளவையும் உறுதி செய்யும் பட்டியலைத் தயாரிப்பது துறையின் நார்மன் அலுவலகம். பின்னர் மாநில நில அதிர்வியலாளராக வந்த ஜேக் வால்டரும் குழுவும் அதிர்வுமானிகளின் வலையமைப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிராகுக்குத் திரும்புவோம். 2024 பிப்ரவரி 2, இரவு 11:24. அதே ஊரின் பக்கத்தில் 5.1. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் இடிந்து, திரும்பக் கட்டிய வீடுகள் அங்கே உண்டு. ஆர்பக்கிளுக்குள் இத்தனை ஆண்டுகளில் இறக்கிய தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. அதன் அழுத்தம் பாறைக்குள் பரவிக் குறைய நாளாகும், ஆண்டுகள் ஆகும். அந்த இரவில் பிராகில் தூக்கம் கலைந்து விளக்கைப் போட்டவர், துறையின் பட்டியலில் தன் ஊரையும் நேரத்தையும் ஆழத்தையும் தேடிப் பார்த்திருப்பார். அடுத்த வரியில் அதற்குப் பின் வந்த சின்ன நடுக்கங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக.